கீறல் விழுந்த சாட்சியம்: ஸ்டீவ் ரைக்கின் 'கம் அவுட்'டும் கரைவலைக் கயிறும்

சொன்னதையே சொல்லிக்கொண்டிருக்கும் ஆளை நம் பக்கம் 'கீறல் விழுந்த ரெக்கார்டு' என்பார்கள். கிராமபோன் ஊசி ஒரு கீறலில் மாட்டிக்கொண்டு பாட்டின் ஒரே துண்டைத் திரும்பத் திரும்பச் சுற்றுவது கருவியின் கோளாறு, கேட்பவருக்கு எரிச்சல், யாராவது எழுந்துபோய் ஊசியைத் தூக்கிவைக்க வேண்டும். அப்படித் தூக்கிவைக்காமல், 'இருக்கட்டும், ஓடட்டும், என்ன ஆகுதுன்னு பார்ப்போம்' என்று உட்கார்ந்து கேட்ட சிலர் 1960களின் அமெரிக்காவில் இருந்தார்கள். அவர்கள் செய்த இசைக்கு மினிமலிசம் என்று பெயர் விழுந்தது. (தமிழில் 'குறைமவாதம்', 'சிறுமவாதம்' என்றெல்லாம் எழுதிப் பார்க்கலாம். எதுவும் ஒட்டவில்லை. மினிமலிசம் என்றே வைத்துக்கொள்வோம்.)

அவர்களில் ஒருவரான ஸ்டீவ் ரைக் 1966இல் செய்த 'கம் அவுட்' என்னும் ஏறக்குறைய 13 நிமிட ஒலிநாடாப் படைப்பைப் பற்றியே இங்கு பேச்சு. போலீஸ் காவலில் அடிபட்ட ஒரு கறுப்பின இளைஞனின் குரலைத் தவிர அதில் வேறு எதுவும் இல்லை. காவலில் உடைக்கப்பட்ட உடம்பின் சாட்சியத்தை எப்படிக் கேட்பது, யார் கேட்பது என்ற கேள்வி 2018க்கும் 2020க்கும் பிறகு தூத்துக்குடி மாவட்டத்தில் யாருக்கும் தூரத்துக் கேள்வி அல்ல. அது ஒரு காரணம். இன்னொன்று, திரும்பச் சொல்லுதல் என்ற சமாச்சாரத்தை இந்தக் கரை நியூயார்க்கிலிருந்து புதிதாகக் கற்க வேண்டிய நிலையில் இல்லை. வலை இழுத்தும், மூச்சடக்கி முங்கியும், செபமாலை உருட்டியும் பல நூற்றாண்டுகளாக ஒரே அசைவைத் திரும்பச் செய்து பிழைத்தவர்களின் கரை இது. இங்கிருந்து கேட்டால் ரைக்கின் படைப்பில் மேற்கத்திய விமர்சகர்கள் கேட்காத ஏதோ ஒன்று கேட்கிறது என்று எனக்குப் படுகிறது.

முதலில் ஒரு தடையைத் தாண்டிவிட வேண்டும். மினிமலிசம் என்றதும் நம்மவர்கள் சட்டென்று பிடித்துக்கொள்வது 'இந்தியத் தாக்கம்' என்ற கயிற்றைத்தான். விஷயம் பொய்யில்லை. ஃபிலிப் கிளாஸ் 1960களின் நடுவில் பாரீஸில் 'சப்பாக்வா' என்ற படத்துக்காக ரவி சங்கரின் இசையை மேற்கத்திய ஸ்வரக் குறிப்பில் எழுதும் வேலையில் இருந்தார். எங்கே தாளக்கோடு போட்டாலும் தவறாகவே வந்தது. தபலாக் கலைஞர் அல்லா ரக்கா 'எல்லா ஸ்வரமும் சமம்' என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். கோடுகளையெல்லாம் அழித்தபின்தான் சுழற்சி பிடிபட்டது என்று கிளாஸே சொல்லியிருக்கிறார். டெர்ரி ரைலியும் லா மாண்ட் யங்கும் 1970இலிருந்து கிரானா கரானாவின் பிராண் நாத்திடம் சீடர்களாக இருந்தார்கள். ஆனால் 'எல்லாம் நம்மகிட்டேயிருந்து போனதுதான்' என்ற பெருமிதம் கேட்பதை நிறுத்திவிடுகிறது. அந்த 'நாம்' யார் என்ற கேள்வியும் அமுங்கிப்போகிறது. 1980இல் ராட்டர்டாமில் அரங்கேறிய கிளாஸின் 'சத்தியாகிரகா' ஆப்பெராவை எடுத்துக்கொள்ளுங்கள். காந்தியின் தென்னாப்பிரிக்கப் போராட்டம் கதை. 1913 நியூகாசில் நடைப்பயணம் கடைசிக் காட்சி. அந்தப் போராட்டத்தில் சிறை சென்றவர்களிலும் வேலைநிறுத்தம் செய்தவர்களிலும் தமிழ் பேசிய கூலிகள் எவ்வளவு பேர் என்பது வரலாறு படித்தவர்களுக்குத் தெரியும். மேடையில் அவர்கள் பாடுவதோ பகவத்கீதையின் சமஸ்கிருதம். பொருள் புரியாத மொழி ஒலியாகவே நிற்கும் என்பது கிளாஸின் அழகியல் தேர்வு. சுரங்கக் கூலியின் வாயிலிருந்து அவன் மொழியை எடுத்துவிட்டு இன்னொன்றை வைக்கும்போது அந்தத் தேர்வு அழகியலோடு நின்றுவிடுகிறதா?

ரைக் இந்தப் பாதையில் வந்தவரில்லை. 1936இல் நியூயார்க்கில் பிறந்தவர், கார்னெல் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்தவர், விட்கென்ஸ்டைனில் ஆர்வம். பாக், ஜாஸ், ஜான் கோல்ட்ரேன், மேற்கு ஆப்பிரிக்க மேளம் என்றுதான் தன் மூலங்களைச் சொல்கிறார். 1970இல் கானாவுக்குப் போய் மேளம் கற்றார். மலேரியா பிடித்துச் சில வாரங்களில் திரும்பினார். அதற்கெல்லாம் முன்னால் அவருக்கு வழி காட்டியது ஒரு தற்செயல்.

1964இல் சான்ஃபிரான்சிஸ்கோவின் யூனியன் சதுக்கத்தில் ஒரு பெந்தெகொஸ்தே போதகர், பிரதர் வால்ட்டர் என்று அறியப்பட்டவர், நோவாவின் வெள்ளத்தைப் பற்றித் தெருப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். ரைக் அதை டேப்பில் பிடித்தார். மழை வரப்போகிறது என்று எச்சரிக்கும் ஒரு சிறு துண்டை வெட்டி, முனைகளை ஒட்டி வளையமாக்கினார். அதே போன்ற இரண்டு வளையங்களை மலிவான இரண்டு டேப் ரெக்கார்டர்களில் போட்டு ஒன்றாக ஓடவிட்டார். இரண்டும் ஒரே வேகம் என்பது காகிதத்தில்தான். மோட்டார்களுக்கிடையே ஒரு மயிரிழை வித்தியாசம். ஒரே குரலாகத் தொடங்கியது மெல்ல விலகி, எதிரொலியாகி, இரட்டைக் குரலாகி, பிறகு தானே ஒரு தாளமாகியது. 'இட்ஸ் கான்னா ரெயின்' (1965) இப்படிப் பிறந்தது. இந்த முறைக்கு 'ஃபேஸிங்' என்று பெயர்.

இது கேட்காமல் புரியாது என்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. ஜூலை கடைசியில் பனிமய மாதா கோயில் கொடியேற்றத்துக்குப் பிறகு ஏதாவது ஒரு சாயங்காலம் தூத்துக்குடித் தெருவில் நடந்து பாருங்கள். கம்பத்துக்குக் கம்பம் குழாய் ஸ்பீக்கர். எல்லாவற்றிலும் ஒரே செபம். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். எனவே பக்கத்துக் குழாயில் 'அருள்' என்று கேட்டபின் நூறு மீட்டர் தள்ளியிருக்கும் குழாயின் 'அருள்' மூன்றில் ஒரு நொடி கழித்து வந்துசேரும். நீங்கள் நடக்க நடக்க அந்த இடைவெளி குறையும்; இரண்டு கம்பத்துக்கும் நடுவில் இரண்டும் ஒன்றாகும்; தாண்டினால் முன்னது பின்னதாகும். சொல் கரைந்து வெறும் அலையாக, உதட்டெழுத்துகளின் தட்டலாக மாறும் சில அடிகள் உண்டு. ரைக் உட்கார்ந்த இடத்தில் செய்ததை நீங்கள் நடந்து செய்கிறீர்கள், அவ்வளவுதான்.

(இன்னொரு பொருத்தம், இதற்கு எந்த அர்த்தமும் கற்பிக்க வேண்டாம்: டெர்ரி ரைலியின் 'இன் சி' 53 சிறு இசைத்துண்டுகளால் ஆனது. ஒவ்வொரு வாத்தியக்காரரும் ஒவ்வொன்றையும் தனக்குத் தோன்றும்வரை திரும்ப வாசித்து அடுத்ததற்கு நகரலாம். நம் கத்தோலிக்கர்கள் செபமாலையை 53 மணி என்பார்கள். 'இன் சி' 1964 நவம்பரில் சான்ஃபிரான்சிஸ்கோவில் முதலில் வாசிக்கப்பட்டபோது ரைக்கும் வாசித்தவர்களில் ஒருவர். அந்தத் தீபாவளிக்குத்தான் நம் ஊர்க் கொட்டகைகளில் 'படகோட்டி' வந்தது. மீனவன் பாட்டு ஸ்டூடியோவுக்குள் போய் எம்.ஜி.ஆர். வாயிலிருந்து வெளிவந்தது.)

*

இனி 'கம் அவுட்'. 1964 ஏப்ரல் 17, நியூயார்க்கின் ஹார்லெம். ஒரு பழக்கடைத் தட்டு கவிழ்ந்து பழங்கள் தெருவில் உருண்டன. சிறுவர்கள் எடுத்து எறிந்து விளையாடினார்கள். போலீஸ் வந்து அடிக்க ஆரம்பித்தது. தடுக்கப் போன இளைஞர்களையும் பிடித்துக்கொண்டு போய் ஸ்டேஷனில் வைத்து அடித்தார்கள். அவர்களில் ஒருவன் டேனியல் ஹாம், பதினெட்டுப் பத்தொன்பது வயது. பன்னிரண்டு நாள் கழித்து அதே பகுதியில் ஒரு துணிக்கடைக்காரப் பெண் கொல்லப்பட்டபோது ஹாம் உட்பட ஆறு கறுப்பின இளைஞர்கள் கைது செய்யப்பட்டார்கள். போலீஸ் காவலில் பெறப்பட்ட வாக்குமூலம் வழக்கில் முக்கிய இடம் பெற்றது. 1965இல் ஆயுள் தண்டனை. 'ஹார்லெம் ஆறு பேர்' என்று இவ்வழக்கு அறியப்படுகிறது. ஜேம்ஸ் பால்ட்வின் 1966இல் இதை வைத்துத்தான் ஹார்லெமை ஆக்கிரமிக்கப்பட்ட பிரதேசம் என்று எழுதினார்.

மறுவிசாரணைக்குப் பணம் திரட்ட 1966 ஏப்ரலில் நியூயார்க் டவுன் ஹாலில் ஒரு நிகழ்ச்சி. இவ்வழக்குக்காக உழைத்துக்கொண்டிருந்த எழுத்தாளர் ட்ரூமன் நெல்சன், இளைஞர்களும் தாய்மார்களும் பேசிய ஒலிநாடாக்களை ரைக்கிடம் கொடுத்து நிகழ்ச்சிக்காகத் தொகுத்துத் தரச் சொன்னார். தொகுத்துத் தருகிறேன், கூடவே எனக்குப் பிடித்த ஒரு துண்டை வைத்து ஒரு படைப்பும் செய்துகொள்வேன் என்பது ரைக்கின் நிபந்தனை. பிடித்த துண்டு ஹாமின் ஒரு வாக்கியம். அடிபட்டவர்களில் ரத்தம் வடிந்தவர்களை மட்டுமே போலீஸ் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது. ஹாமுக்கு உடம்பெல்லாம் கன்றிப்போயிருந்தது, தோல் கிழியவில்லை. கன்றிய இடத்தைத் தானே கீறி, உள்ளே கட்டியிருந்த ரத்தத்தை வெளியே வரவைத்துக் காட்ட வேண்டியிருந்தது என்று அவன் சொல்கிறான். சாதாரணமாகச் சொல்கிறான். அழுகை இல்லை. கேட்கிற நமக்குத்தான் வயிற்றைப் பிசைகிறது.

அந்த வாக்கியம் மூன்று முறை முழுதாக ஒலிக்கிறது. பிறகு வெளியே வந்து அவர்களுக்குக் காட்டுவதைச் சொல்லும் கடைசி ஐந்து சொற்கள் மட்டும் வளையமாகின்றன. இரண்டு குரல் ஒன்றாகத் தொடங்கி விலகுகின்றன; இரண்டு நான்காகிறது; நான்கு எட்டாகிறது. மூன்றாவது நிமிடம்வரை மனிதன் பேசுகிறான். பிறகு ஒரு மெட்டு கேட்கிறது (பேச்சுக்குள்ளேயே அந்த மெட்டு இருந்ததால்தான் அதைத் தேர்ந்ததாக ரைக் சொல்லியிருக்கிறார்). அதன் பிறகு மெய்யெழுத்துகளின் உரசல், ஒரு ரீங்காரம், ஆலைக்குள் கேட்பது போன்ற இரைச்சல். பத்தாவது நிமிடத்தில் அங்கே ஹாம் இல்லை. ஆங்கிலமும் இல்லை.

1968இல் எழுதிய ஒரு சிறு கட்டுரையில் ரைக் தன் கொள்கையைச் சொல்கிறார்: இசை எந்தச் செயல்முறையால் உருவாகிறதோ அது கேட்பவருக்கு வெளிப்படையாகக் கேட்க வேண்டும், ஓட்டிவிட்டால் அது தானாக ஓடும், இசையமைப்பாளன் குறுக்கே வரமாட்டான். ஒளிவுமறைவு இல்லாத இசை என்று இதில் ஒரு ஜனநாயகம் இருப்பதாகத் தோன்றும். 'கம் அவுட்'டில் இதைப் பொருத்திப் பார்த்தால் சங்கடம் தொடங்குகிறது. 'தானாக ஓடுகிற' செயல்முறைக்குள் மாட்டியிருப்பது ஒரு குறிப்பிட்ட மனிதனின் குரல். அவன் இந்த ஓட்டத்தை நிறுத்த முடியாது. அந்த 13 நிமிடமும் அவன் சிறையில் இருக்கிறான் என்பது உருவகம் அல்ல. 1966 ஏப்ரலில் அவன் நிஜமாகவே சிறையில் இருந்தான்.

இவ்விஷயத்தை அமெரிக்கர்கள் பேசாமல் இல்லை. இசையியலாளர் சுமந்த் கோபிநாத் இந்தப் படைப்பில் இருக்கும் அரசியல் சிக்கலை 2009இல் வெளியான ஒரு நீண்ட கட்டுரையில் விரித்து எழுதினார். பொதுவாக இரண்டு கட்சிகள். ஒன்று: சாட்சியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி அதை மறக்க முடியாததாக்குகிறது, எனவே இது எதிர்ப்பு இசை. இன்னொன்று: வெள்ளைக்காரக் கலைஞன் கறுப்பனின் வலியை எடுத்துச் சொல்லைச் சுரண்டி ஒலியாக்கிவிட்டான், எனவே இது அபகரிப்பு. இரண்டுமே ஒரு விஷயத்தைக் கேள்விக்குட்படுத்தாமல் ஏற்றுக்கொள்கின்றன: திரும்பச் சொல்வது என்பது எங்கும் ஒரே காரியம், அதன் விளைவு மட்டுமே நல்லதாகவோ கெட்டதாகவோ அமையும் என்பதை. இங்கேதான் நம் கரைக்கு வர வேண்டியிருக்கிறது.

*

கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். படகு கரையிலிருந்து ஒரு கயிற்று முனையை விட்டுவிட்டுக் கடலுக்குள் போய், அரைவட்டமாக வலையைப் போட்டுக்கொண்டே வந்து, தள்ளி வேறோர் இடத்தில் மறுமுனையைக் கரையில் கொடுக்கும். இரண்டு கயிற்றிலும் இரண்டு கூட்டம். நூற்றுக்கணக்கான அடி இடைவெளி. ஒரு பக்கம் வேகமாக இழுத்தால் வலை கோணிக்கொள்ளும், மீன் தப்பும். இழுக்க இழுக்க இரண்டு கூட்டமும் ஒன்றை நோக்கி ஒன்று நகர்ந்துவரும். மடி கரை தட்டும்போது இரண்டும் ஒரே கூட்டம்.

இந்த இழுவைக்குத்தான் அம்பா. ஒருவர் சொல்ல மற்றவர்கள் வாங்குவார்கள். புனிதர்களின் பெயர் வரும், பெற்றவள் வருவாள், கேலி வரும், பச்சையாகவும் வரும். ஏலேலோ, ஐலசா என்ற அர்த்தமில்லாத அசைகளில்தான் பலம் இறங்கும். 'அர்த்தமில்லாத' என்று சொல்வதே தப்பு. அகராதியில் அர்த்தம் இல்லை, கயிற்றில் இருக்கிறது. எல்லாருடைய கையும் ஒரே கணத்தில் இறுக வேண்டும் என்பதுதான் அந்த அசையின் பொருள். பாட்டின் நீளத்தை முடிவு செய்வது வலையின் கனம். கடல் முரடாக இருந்தால் அடி நீளும். தலைப்பாட்டுக்காரருக்கு மூச்சு வாங்கினால் இன்னொருவர் எடுத்துக்கொள்வார்.

ஆக, சொல் தேய்ந்து ஒலியாவது அம்பாவிலும் நடக்கிறது, 'கம் அவுட்'டிலும் நடக்கிறது. ஒலியாக்குவதே வன்முறை என்றால் அம்பாவும் வன்முறைதான். வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. அம்பாவில் திரும்பச் சொல்பவர்கள் சொல்லுக்குச் சொந்தக்காரர்கள். சொன்னதற்குப் பதில் வருகிறது. பதில் வந்தால்தான் அடுத்த அடி. ரைக்கின் நாடாவில் ஒரே குரல் எட்டாகிறது, ஆனால் எட்டும் ஒரே ஆள். அவனுக்கு யாரும் பதில் சொல்வதில்லை. அவன் தனக்குத் தானே எதிரொலிக்கிறான். கரைவலை விலகி நின்று தொடங்கி ஒன்றாய் முடிகிறது. 'கம் அவுட்' ஒன்றாய்த் தொடங்கி, விலகி, திரும்பச் சேராமலேயே நின்றுபோகிறது.

அம்பாவைத் தூக்கிவைத்துப் பேசுவதில் ஒரு ஆபத்து உண்டு, உழைப்பை அழகாக்கிவிடுவோம். படகு யாருடையது, வலை யாருடையது, மீனில் இழுத்தவனுக்கு எவ்வளவு பங்கு என்பதையெல்லாம் பாட்டு மாற்றிவிடவில்லை. முத்துக்குளிப்பு இன்னும் மோசம். பழைய பதிவுகள் ஒரு ஆள் ஒரு நாளில் நாற்பது ஐம்பது முறை முங்கியதாகச் சொல்கின்றன. ஒரே கல், ஒரே கயிறு, ஒரே மூச்சு. ஆனால் நாற்பதாவது மூச்சு முதல் மூச்சு அல்ல என்பது முங்கியவனுக்குத்தான் தெரியும். ராபர்ட் பெர்சிவல் 1803இல் வெளியான இலங்கை பற்றிய நூலில், மேலே வருபவர்களின் வாய், காது, மூக்கிலிருந்து நீரும் பல வேளைகளில் ரத்தமும் வருவதைக் குறித்திருக்கிறார். அதற்குப் பிறகும் தங்கள் முறை வந்ததும் இறங்கிவிடுவார்கள் என்கிறார். இங்கே ரத்தம் வெளியே வந்தது. எல்லாரும் பார்த்தார்கள். அது எதற்கும் சாட்சியாகவில்லை. எண்ணப்பட்டது சிப்பி. இந்தியப் பக்கத்துக் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் முடிந்தது. மூன்று ஆண்டு கழித்து ஹார்லெமில் ஒருவன் ரத்தத்தைக் காட்டினால்தான் ஆஸ்பத்திரி என்ற நிலையில் இருந்தான். ரத்தம் தானாகப் பேசாது. யார் பார்க்கிறார்கள், பார்த்ததை என்ன கணக்கில் எழுதுகிறார்கள் என்பதைப் பொறுத்தே அது பேசும்.

திரும்பச் சொல்ல வைத்தல் என்று மூன்றாவது ஒன்றும் இந்தக் கரையில் உண்டு. 1542இல் வந்த பிரான்சிஸ் சேவியருக்குத் தமிழ் தெரியாது. செபங்களைச் சிலரை வைத்துத் தமிழாக்கி, தான் மனப்பாடம் செய்து, கையில் மணியுடன் தெருத்தெருவாய்ப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டி, தான் சொல்லச் சொல்லத் திரும்பச் சொல்ல வைத்தார். சொல்பவருக்கு மொழி தெரியாது, வாங்கிச் சொல்பவர்களுக்கு விஷயம் தெரியாது. 1544இல் தோழருக்கு எழுதிய கடிதம் ஒன்றில் அவரே ஒரு திருத்தம் சொல்கிறார்: 'விசுவசிக்கிறேன்' என்று வர வேண்டிய இடத்தில் 'வேணும்' என்று இருந்துவிட்டது, மாற்றிச் சொல்ல வையுங்கள் என்று. ஒரு கரை முழுக்கக் கொஞ்ச காலம் விசுவாசப் பிரமாணத்தில் 'எனக்கு வேணும், எனக்கு வேணும்' என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. போர்த்துக்கீசியரின் பாதுகாப்பு வேண்டி மதம் மாறிய ஜனங்கள் அவர்கள் என்பதை நினைத்தால் அது அவ்வளவு தவறான மொழிபெயர்ப்பாகவும் தெரியவில்லை! இங்கே சொல் மேலிருந்து வந்தது. ஆனால் நூற்றாண்டுகளில் அந்தச் செபமாலையை ஜனங்கள் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள்: முற்பாதியை ஒருவர் சொல்ல, பிற்பாதியை மற்றவர்கள் வாங்க, அம்பாவின் அமைப்பு அதற்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. எந்தத் திரும்பச் சொல்லலும் நிரந்தரமாக அதிகாரத்தின் கையிலோ ஜனங்களின் கையிலோ இருந்துவிடுவதில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

*

மறுபடி ஹாமின் குரலுக்கு வருவோம். என் வாசிப்பு இது: 'கம் அவுட்' ஹாமைப் பற்றிய படைப்பு அல்ல. ஹாமைக் கேட்கும் காதைப் பற்றிய படைப்பு. ஒருவன் அடிபட்டேன் என்கிறான். முதல் மூன்று முறை அது வாக்கியம். ஸ்டேஷனில், கோர்ட்டில், சிறையில், பத்திரிகை ஆபீஸில் அவன் அதையே திரும்பச் சொல்லும்போது, கேட்கும் நிறுவனத்தின் காதுக்குள் அது மெல்ல மெல்ல ஓசையாகிறது. எட்டாவது குரலுக்கு அப்பால் அது வெறும் இரைச்சல். 'அவனுங்க எப்பவும் இப்படித்தான் கத்திக்கிட்டு இருப்பானுங்க' என்பதன் ஒலிவடிவம். ரைக் இதைத் திட்டமிட்டுச் செய்தாரா என்பது எனக்கு முக்கியமில்லை. வலி மொழியை அழிக்கிறது என்று எலெய்ன் ஸ்காரி எழுதினார். இங்கே வலிக்குப் பிறகும் ஹாமுக்கு மொழி இருந்தது, மிகத் துல்லியமாகவே இருந்தது. அழிந்தது கேட்கும் பக்கத்தில்.

இந்தக் காதுக்கு வலித்த ஒரு சந்தர்ப்பமும் உண்டு. 1973 ஜனவரியில் கார்னகி ஹாலில் ரைக்கின் 'ஃபோர் ஆர்கன்ஸ்' வாசிக்கப்பட்டது. ஒரே ஒரு ஸ்வர அடுக்கு மெல்ல மெல்ல நீளும், வேறொன்றும் கிடையாது. அரங்கில் கூச்சல், கேலி, நிறுத்து என்ற சத்தம். ஒரு பெண் முன்னால் வந்து மேடையில் தலையை முட்டிக்கொண்டு 'போதும், ஒத்துக்கொள்கிறேன்' என்று கதறினார் என்று அன்று வாசித்தவர்களில் ஒருவரான மைக்கேல் டில்சன் தாமஸ் நினைவுகூர்ந்திருக்கிறார். காசு கொடுத்து வந்த சபைக்கு இருபது நிமிடத் திரும்பச் சொல்லலே சித்திரவதையாகி, 'ஒத்துக்கொள்கிறேன்' என்ற சொல் வேடிக்கையாக வந்து விழுகிறது. அந்தச் சொல் வேடிக்கையில்லாமல் வாங்கப்பட்ட வழக்கில் மாட்டிய ஹாம் அன்றைக்கும் விடுதலையாகவில்லை. 1968இல் தண்டனை ரத்தாகியும் வழக்கு முடியாமல், 1974இல்தான் வெளியே வந்தார்.

நம் மாவட்டத்தில் 2018 மே 22. ஸ்டெர்லைட் தாமிர ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாம் நாள். ஊர்வலத்தின் முழக்கங்களை நினைவுபடுத்திப் பாருங்கள். ஒருவர் எடுக்க ஆயிரம் பேர் வாங்கியது. அமைப்பில் அது அம்பாதான். துப்பாக்கிச் சூட்டில் அன்றும் மறுநாளுமாக 13 பேர் செத்தார்கள். அதன் பிறகு தொலைக்காட்சியில் ஒரு காட்சி சுற்றத் தொடங்கியது: வேன் கூரைமேல் ஏறிக் குறிபார்க்கும் சீருடையில்லாத போலீஸ்காரர். ஒரு மணிக்கு எத்தனை தடவை! முதல் நாள் அதைப் பார்த்து நடுங்கியவர்கள் மூன்றாம் நாள் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தார்கள். காட்சியில் ஒன்றும் குறையவில்லை. டேப் வளையம்தான் வேலை செய்தது. தெருவில் ஜனங்கள் திரும்பச் சொன்னபோது ஏறிய அர்த்தம், கருவி திரும்பக் காட்டியபோது இறங்கியது. அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டபோது, அந்தக் காட்சியை ஆயிரம் தடவை பார்த்திருந்தவர்களில் எத்தனை பேர் அறிக்கையைத் தேடிப் படித்தார்கள்?

2020 ஜூன், சாத்தான்குளம். ஊரடங்கு நேரத்துக்கு மேல் கடை திறந்திருந்ததாகச் சொல்லி அப்பாவையும் மகனையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். இரவெல்லாம் அடி. மறுநாள் ரத்தத்தில் நனைந்த கைலிகளைத் திரும்பத் திரும்ப மாற்ற வேண்டியிருந்தது என்று குடும்பத்தார் சொன்னார்கள். ஹாமுக்கு ரத்தம் வரவில்லை என்பதால் ஆஸ்பத்திரி இல்லை. இவர்களுக்கு ரத்தம் நிற்கவில்லை, ஆனாலும் சிறைக்கு அனுப்ப உடல் தகுதி இருப்பதாகச் சான்று எழுதப்பட்டது. காட்டினால் போதும் என்ற நம்பிக்கை இங்கே முற்றிலும் உடைகிறது. சில நாளில் இருவரும் கோவில்பட்டியில் இறந்தார்கள். அன்றிரவு பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர் தான் பார்த்ததைச் சொன்னதால்தான், உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானே தலையிட்ட அந்த வழக்கில் லத்தியிலும் மேசையிலும் இருந்த ரத்தக் கறை பதிவுக்குள் வந்தது. வெளியே வந்த ரத்தத்துக்கு ஒரு குரல் பதில் கொடுத்தது. கயிற்றின் மறுமுனையை யாரோ பிடித்தார்கள்.

அப்படிச் சொன்ன சாட்சிக்குச் சட்டம் வைத்திருக்கும் வேலையைக் கவனியுங்கள். விசாரணை அதிகாரியிடம் சொன்னதை நடுவரிடம் சொல்ல வேண்டும். நடுவரிடம் சொன்னதைப் பல மாதம் கழித்துக் கூண்டில் சொல்ல வேண்டும். முதல் விசாரணையில் சொன்னதைக் குறுக்கு விசாரணையில் திரும்பச் சொல்ல வேண்டும். ஒரு மயிரிழை விலகினால் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து 'முரண்பாடு' என்பார். ஒரு சொல்கூட விலகாமல் அப்படியே சொன்னால் 'சொல்லிக்கொடுத்த சாட்சி' என்பார். ரைக்கின் இரண்டு மோட்டார்களுக்கு நடுவே இருந்த வித்தியாசம் அளவுக்குத்தான் அந்தச் சாட்சிக்கு நிற்க இடம் கொடுக்கப்பட்டிருக்கிறது. அவர் அங்கே நின்றுகொண்டு, ஆண்டுக்கணக்கில், அந்த ஓர் இரவைத் திரும்பச் சொல்ல வேண்டும்.